களம்பூரில் படம் பார்த்து இறையியல் பேசுவது எப்படி?

களம்பூரில் ஒரு சபையின் வாலிபர் கூட்டம் படம் பார்த்து இறையியல் பேசலாம் என்று முடிவெடுத்தால், முதல் படமாக இயேசு படத்தை எடுக்காதீர்கள். ‘காஞ்சிவரம்’ எடுங்கள். பிரியதர்ஷன் இயக்கி, பிரகாஷ்ராஜ் நடித்தது. 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டும் இதற்குத்தான். அதில் சபை வராது, வேத வசனம் வராது. பட்டு நெய்கிற வேங்கடம் தன் மகளுக்கு ஒரு பட்டுப்புடவை கட்டிவிட ஆசைப்பட்டு, அந்த ஆசையாலேயே அழிகிற கதை. ஆரணிப் பட்டு வட்டாரத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தறியும் கூலியும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இயேசு படம் ஏன் முதலில் வேண்டாம் என்றால், அதில் எல்லோருக்கும் முடிவு தெரியும். கேள்வி கேட்டால் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பதில் அப்படியே திரும்பி வரும். ‘காஞ்சிவரம்’ வேங்கடத்தைப் பற்றிக் கேட்டால் யாரிடமும் தயாராகப் பதில் இருக்காது. பாவம் என்றால் என்ன, கடவுள் யார் பக்கம், மன்னிப்புக்கு எல்லை உண்டா என்றெல்லாம் அப்போதுதான் நிஜமாகவே யோசிக்கத் தொடங்குவார்கள். சிலுவை தெரிகிற காட்சியில் மட்டும் இறையியல் இருக்கிறது என்று நினைப்பதுதான் இந்த முயற்சியைப் பல இடங்களில் கெடுக்கிறது. பட்டு தெரிந்தவர்கள் புடவையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள். படத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கூட்டம் சேர்ப்பதற்கு முன்

பத்துப் பதினைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நம் வட்டாரத்தில் கிறிஸ்தவம் ஒரே நிறமாக இல்லை. அமெரிக்கன் ஆற்காடு மிஷன் 19ஆம் நூற்றாண்டில் போட்ட அடித்தளத்தில் வளர்ந்த சி.எஸ்.ஐ. சபைகள் உண்டு. சேத்துப்பட்டு லூர்து மாதா திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு. வீட்டிலும் வாடகை மண்டபத்திலும் கூடுகிற பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு. மூன்று தரப்பிலிருந்தும் ஆள் இருந்தால் பேச்சு நன்றாக இருக்கும். அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் நண்பர்கள் வர விரும்பினால் தாராளமாக வரட்டும். ஆனால் அவர்களை மனம்மாற்றுவதற்கான கூட்டம் இது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.

அடுத்து ஆயரிடமோ பாஸ்டரிடமோ பங்குத்தந்தையிடமோ பேச வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஞானஸ்நானம் எடுத்த நாளோடு சினிமா பார்ப்பதை விட்டுவிட்ட பெரியவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். பலருக்கு அது சாராயத்தையும் சீட்டாட்டத்தையும் விட்டதோடு சேர்ந்த முடிவு; குடும்பத்தைக் காப்பாற்றிய முடிவு. அதைப் பழமை என்று ஒதுக்காதீர்கள். எந்தப் படம், எதற்கு, யார் நடத்துவது, பிறகு என்ன பேசப் போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அவரையே முன்கூட்டி ஒரு தடவை படம் பார்க்க வையுங்கள்.

அப்போது ஒரு செய்தியையும் சொல்லலாம். தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய்ச் சினிமா காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு கிறிஸ்தவர். ரயில்வே வேலையில் இருந்தவர். 1905இல் திருச்சியில் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்களில் இயேசுவின் வாழ்க்கைப் படமும் இருந்தது. பிறகு கோயம்புத்தூரில் 1914இல் வெரைட்டி ஹால் கட்டினார். சபைக்கும் திரைக்கும் இங்கே இருக்கிற உறவு நேற்று முளைத்தது இல்லை என்பது பெரியவர்களுக்குத் தெரிந்தால் கொஞ்சம் தெம்பு வரும்.

படத்தை இரண்டு முறை பாருங்கள், தனியாக

நடத்துகிறவர் முன்னாலேயே இரண்டு முறை பார்த்திருக்க வேண்டும். முதல் முறை பேனா எடுக்காமல் சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாம் முறை, எந்தக் காட்சியில் உங்களுக்கு வயிறு கலங்கியது, எங்கே கோபம் வந்தது என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மறுபடி போட்டுக் காட்டுவதற்கு மூன்று காட்சிகள் போதும்.

இந்தப் பார்வையில்தான் சான்றிதழையும் உள்ளடக்கத்தையும் கவனிக்க வேண்டும். ‘காஞ்சிவரம்’ படத்தின் முடிவில் ஒரு தகப்பன் மகளுக்கு விஷம் கொடுக்கிறான். தற்கொலையோ திடீர்ச் சாவோ நடந்த வீட்டிலிருந்து யாராவது வருகிறார்களா என்று யோசியுங்கள். அவர்களிடம் முன்கூட்டித் தனியாகச் சொல்லிவிடுங்கள். வராமல் இருந்தாலும் தப்பில்லை என்றும் சொல்லுங்கள். சிறுபிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டாம்.

அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. கைபேசியில் இருக்கிற ஓ.டி.டி. சந்தா வீட்டுக்குள் பார்க்கத்தான். மண்டபத்தில் ஆள் கூட்டிப் போடுவதென்றால் உரிமை வைத்திருப்பவரிடம் கடிதம் எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், எல்லோரும் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, பேசுவதற்கு மட்டும் கூடலாம். கள்ளப் பிரதியில் பார்த்துவிட்டு, கூலி கொடுக்காத முதலாளியைப் பற்றி நீதி பேசினால் பேச்சு எடுபடாது.

நாள், இடம், நாற்காலி

முகூர்த்த சீசனில் தறி ஓய்கிற நேரம் குறைவு, ரைஸ் மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு ஷிஃப்ட் உண்டு. எல்லோருக்கும் தோதான நாளை அவர்களே சொல்லட்டும். வெளியூரிலிருந்து யாரையாவது பேச அழைத்தால் ஆரணி ரோடு ஸ்டேஷன் நம் ஊரிலேயே இருப்பது வசதி. ஆனால் முதல் கூட்டத்துக்கு வெளியாள் வேண்டாம். படம் இரண்டு மணி நேரம், பேச்சு ஒன்றரை மணி நேரம். நடுவில் டீயும் சுண்டலும். பெண்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டியிருந்தால் மதியம் இரண்டு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

பெரிய டிவி இருந்தாலே போதும். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாமல் வேட்டி கட்டி மறைத்துவிடலாம். ஸ்பீக்கருக்கு மட்டும் கொஞ்சம் செலவு செய்யுங்கள், வசனம் கேட்காமல் போனால் எல்லாம் போயிற்று. படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போடுங்கள். நடத்துகிறவர் மேடையில் நிற்கக் கூடாது.

படம் ஓடும்போது

இடையில் நிறுத்தாதீர்கள். நிறுத்தி விளக்கம் சொன்னால் அது பிரசங்கத்துக்கு ஸ்லைடு போட்ட மாதிரி ஆகிவிடும். கொல்கத்தாவில் 1970இல் சித்ரபாணி என்ற ஊடகக் கல்வி மையத்தைத் தொடங்கிய கஸ்தோன் ரொபேர்ஜ் ஒரு இயேசு சபைப் பாதிரியார். கனடாவில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்தவர், சத்யஜித் ராயின் நண்பர். அவருடைய வாழ்நாள் வேலையே இந்தியர்களுக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான். ஒரு பாதிரியார் மறைக்கல்விக்குப் படத்தைக் கருவியாக்குவதோடு நிற்காமல், படத்தை அதன் போக்கிலேயே புரிந்துகொள்ள ஒரு நிறுவனத்தையே கட்டினார் என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். கேமரா எங்கே நிற்கிறது, யாருடைய முகம் தெரிகிறது, யாருடைய முகம் தெரியவில்லை, எப்போது இசை நிற்கிறது என்பதெல்லாம் கவனித்த பிறகுதான் பொருள் சொல்ல நமக்கு உரிமை வருகிறது.

படம் முடிந்ததும் விளக்கைப் போடாமல் சில நிமிடம் சும்மா இருங்கள். யாராவது உடனே ஜெபிக்கலாமா என்று கேட்பார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கேட்கும் வரிசை

“இந்தப் படத்தின் நீதி என்ன?” என்ற கேள்வியை வாயில் எடுக்கவே வேண்டாம். அதைக் கேட்டால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் கேள்வி மிக எளிது: “எந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை?” வட்டமாக ஒவ்வொருவரும் ஒரு காட்சியை மட்டும் சொல்ல வேண்டும், விளக்கக் கூடாது. பேசாதவர்கள்கூட இதில் பேசிவிடுவார்கள்.

பெரும்பாலும் பலர் சொல்லப்போவது அந்த நூல் காட்சியாகத்தான் இருக்கும். முதலாளியின் தறிக்கூடத்தில் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். வேங்கடம் பட்டு நூலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு வருவான். வீட்டுக்கு வந்து, யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் அந்த நூலைக் கொண்டு மகளுக்குப் புடவை நெய்வான். அந்தக் காட்சியை இன்னொரு முறை போடுங்கள். இப்போது கேளுங்கள்: அவன் வாயில் நூல் இருக்கிற நேரத்தில் அவனால் என்ன செய்ய முடியாது? பேச முடியாது. சக தொழிலாளிகளுக்காகச் சங்கம் கட்டி, கூலி உயர்வுக்குப் பேசுகிற தலைவனும் அவனேதான். கடைசியில் மகள் கல்யாணம் நெருங்கும்போது வேலைநிறுத்தம் தொடர்ந்தால் நூல் கிடைக்காது, புடவை முடியாது. நிறுத்தத்தை அவனே முறிக்கிறான். திருட்டு அவன் வாயை அடைத்துவிட்டது என்பதை இயக்குநர் ஒரு வசனமும் இல்லாமல் காட்டியிருக்கிறார். இதைக் கூட்டம் தானாகக் கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள். கண்டுபிடித்த பிறகு பாவத்தைப் பற்றிப் பேசினால், “திருடாதே” என்று கற்பலகையில் எழுதிய கட்டளையோடு அது நிற்காது.

இரண்டாவது சுற்றுக்கு: “யார் மேல் கோபம் வந்தது?” வேங்கடத்தின் மேலா, முதலாளியின் மேலா, ஊரின் மேலா, கடவுளின் மேலா? ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்லட்டும். இங்கே சண்டை வரும், வரட்டும். கூலிக்கு நெய்கிற வீட்டுப் பையனும், ஆள் வைத்துத் தறி ஓட்டுகிற வீட்டுப் பையனும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். ஒருவர் வீட்டைச் சுட்டி இன்னொருவர் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தைப் பற்றிப் பேசலாம், பக்கத்தில் இருப்பவரின் அப்பாவைப் பற்றிப் பேசக் கூடாது.

வேதாகமத்தை எப்போது திறப்பது

இந்த இரண்டு சுற்றும் முடிந்த பிறகுதான். முதலில் திறந்தால் படம் வசனத்துக்கு உதாரணமாகச் சுருங்கிவிடும். பின்னால் திறந்தால் வசனமே புதிதாகக் கேட்கும்.

மூன்று பகுதிகளை எடுத்துப் பாருங்கள். யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தின் தொடக்கம் கூலியைப் பிடித்து வைக்கிற செல்வந்தர்களைப் பற்றியது. அதை வாசித்துவிட்டு, திருடன் வேங்கடம் ஒருவன்தானா என்று கேளுங்கள். ஏசாயா 65இன் பிற்பகுதியில், கட்டினவனே குடியிருப்பான், நட்டவனே அதன் பலனை அனுபவிப்பான் என்று ஒரு புதிய உலகத்தைத் தீர்க்கதரிசி வாக்களிக்கிறார். பட்டு நெய்கிறவன் வீட்டுப் பெண் பட்டு உடுத்துவது இந்த வாக்குறுதிக்குள் வருமா? வரும் என்றால், வேங்கடத்தின் ஆசை பேராசையா, இல்லை தேவராஜ்யத்தின் பசியா? நான் அதைப் பசி என்றுதான் சொல்வேன். அந்தப் பசிக்கு அவன் தேடிய வழி அவனைத் தனியாள் ஆக்கிவிட்டது என்பதில்தான் அவன் வீழ்ச்சி இருக்கிறது.

மூன்றாவது பகுதியைக் கொஞ்சம் தைரியத்தோடு எடுக்க வேண்டும். நியாயாதிபதிகள் 11, கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் நீதித்தலைவர்கள் என்று இருக்கும். யெப்தா போருக்குப் போகுமுன் ஒரு பொருத்தனை செய்கிறான். வென்று திரும்பும்போது அவனை எதிர்கொண்டு வருவது அவனுடைய ஒரே மகள். பொருத்தனை அவளை விழுங்குகிறது. வேங்கடமும் மகள் பிறந்தபோது ஊரறிய ஒரு வாக்குக் கொடுத்தான்: பட்டுடுத்தித்தான் இவளைக் கட்டிக்கொடுப்பேன் என்று. யெப்தாவின் கதையைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம். கேட்டாலும் வாக்கு மாறக்கூடாது என்பதற்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்தப் படத்துக்குப் பிறகு அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தால், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது எப்போதுமே நல்லதா என்ற கேள்வி அறையில் எழும்பும். அதோடு ஒன்றையும் கவனியுங்கள்: யெப்தாவின் கதை முழுவதிலும் அந்தப் பொருத்தனையைப் பற்றிக் கடவுள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தகப்பனின் வாக்கைக் கடவுளின் சித்தம் என்று நாம் எத்தனை வீடுகளில் எடுத்துக்கொள்கிறோம் என்று பெண்பிள்ளைகளைப் பேச விடுங்கள்.

கடைசிக் காட்சியில் அரைகுறையாக நின்றுபோன அந்தப் புடவையைச் செத்துக் கிடக்கும் மகள் மேல் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரியும், காலை மூடினால் முகம் தெரியும். இதற்கு வசனம் தேடாதீர்கள். ஏதேன் தோட்டத்தில் கடவுள் உடை செய்து உடுத்தினார், அரிமத்தியா யோசேப்பு மெல்லிய துணி வாங்கினார் என்று இணைத்துப் பார்க்க யாராவது ஆசைப்படுவார்கள். இணைப்பு உண்மையாகவே தோன்றினால் சொல்லட்டும். ஆனால் அந்தக் காட்சிக்கு ஆறுதல் சொல்லி மூடிவிட அனுமதிக்காதீர்கள். பதில் வராத சங்கீதங்களும் வேதத்தில் இருக்கின்றன. 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதை வாசித்து முடித்துக்கொள்ளலாம்.

ஒரு பொறி: எல்லோரும் கிறிஸ்து இல்லை

படத்தில் யாராவது பிறருக்காகச் செத்தால், உடனே “இவர்தான் கிறிஸ்துவுக்கு அடையாளம்” என்று ஒருவர் சொல்வார். தமிழ்ச் சினிமாவில் பாதிப்பேர் அப்படித்தான் சாகிறார்கள். அடையாளம் சொல்கிறவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அவர் யாருக்காகச் சாகிறார், நண்பருக்கா, பகைவருக்கா? சாவதற்கு முன் எத்தனை பேரைக் கொன்றார்?

இந்தக் கேள்விகளோடு இரண்டாம் கூட்டத்துக்கு மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) எடுங்கள். பாடலே இல்லாத படம், இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். தொடக்கமே நல்ல சமாரியன் உவமைதான். ராத்திரி நடுரோட்டில் குண்டடிபட்ட ஒருவன் கிடக்கிறான். ஒரு மருத்துவ மாணவன் அவனைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். ஆஸ்பத்திரி சேர்க்க மறுக்கிறது. தன் வீட்டுக்கே கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்து காப்பாற்றுகிறான். மறுநாள் தெரிகிறது, தான் காப்பாற்றியது போலீஸ் தேடுகிற கூலிக் கொலைகாரனை. லூக்கா 10ஐ நாம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். வழியில் கிடந்தவன் கெட்டவனாக இருந்திருந்தால் என்று யாராவது கேட்டதுண்டா? அவன் நல்லவனா கெட்டவனா என்று கதையில் இயேசு எதுவுமே சொல்லவில்லை என்பதைப் பிள்ளைகளே வசனத்தைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

பிறகு கல்லறையில் உட்கார்ந்து அந்தக் கொலைகாரன் ஒரு குழந்தைக்குத் தன் கதையைச் சொல்கிற காட்சி. ஒரு ஓநாய், ஒரு ஆட்டுக் குடும்பம் என்று குழந்தைக் கதை போலச் சொல்வான். தவறிப்போய் ஒருவனைக் கொன்றவன், கொல்லப்பட்டவனின் பார்வையற்ற குடும்பத்துக்கே பிள்ளையாக இருந்து பாதுகாக்கிறான். கேமரா அவன் முகத்தை விட்டு அசையாது. இந்தக் காட்சியை இரண்டு முறை போட்டு, மனந்திரும்புதல் என்றால் அழுவதா, செய்வதா என்று விவாதியுங்கள். அவன் கிறிஸ்துவா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். அவன் சகேயு. எடுத்ததை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கத் துடிக்கிறவன். ஆனால் எடுத்தது உயிர் என்பதால் திருப்பவே முடியாதவன். திருப்ப முடியாததற்குக் கிருபை என்ன செய்யும் என்ற கேள்விக்கு ஒரு மாலைப்பொழுது போதாது.

அதற்குப் பிறகு

இரண்டு படங்கள் முடிந்தால் கூட்டத்துக்குக் கண் பழகியிருக்கும். சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ (2012) குடிகாரன் திருந்துகிற கதை, கடலோரக் கத்தோலிக்க ஊர்; அவனுக்குப் படகு கட்டிக் கொடுப்பவர் ஒரு முஸ்லிம் பெரியவர் என்பதைத் தவறவிடாதீர்கள். மணிரத்னத்தின் ‘கடல்’ (2013) ஜெயமோகன் எழுதியது, ஒரு பாதிரியாரும் சாத்தானின் பக்கம் நிற்பதாகத் தானே சொல்லிக்கொள்கிற ஒருவனும் மோதுவது. படமாக அது தடுமாறுகிறது, ஆனால் தீமையைப் பற்றிப் பேச அதைவிட நேரான தமிழ்ப்படம் எனக்குத் தெரியாது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ மலையாளப்படம் என்றாலும் பெரும்பகுதி தமிழில்தான். வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்புகிற ஜேம்ஸ், பஸ்ஸில் தூங்கி எழுந்து, காணாமல் போன ஒரு தமிழ்க் கிராமத்தானாக நடக்கத் தொடங்குகிறான். உறக்கத்தையும் சாவையும் இணைக்கிற குறள் ஒன்று படத்தில் வரும்; பவுலும் இறந்தவர்களை நித்திரையில் இருப்பவர்களாகத்தான் பேசுகிறார். 1 கொரிந்தியர் 15ஐ அன்று வாசியுங்கள்.

‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) பெரியவர்களுக்கான ‘ஏ’ சான்றிதழ் படம். சுனாமியில் இயேசு சிலையைப் பிடித்துப் பிழைத்து ஜெபக்கூட்டம் நடத்துகிறவர், சாகக்கிடக்கும் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறுக்கிறார். வாலிபர் கூட்டத்தில் இதைப் போடாதீர்கள். ஆயர்களும் மூப்பர்களும் தங்களுக்குள் பார்த்துப் பேசினால் சுகமளிக்கும் ஊழியம் பற்றி வெளிப்படையாகப் பேச வழி பிறக்கும்.

இயேசு படம் இப்போது வரலாம், ஒன்றாக இல்லாமல் மூன்றாக. தெலுங்கு ‘கருணாமயுடு’ (1978), லூக்கா சுவிசேஷத்தை வைத்து எடுத்து உலகமெங்கும் மொழிமாற்றிக் காட்டப்படுகிற ‘ஜீசஸ்’ (1979), பசோலினியின் ‘மத்தேயு எழுதிய சுவிசேஷம்’ (1964). மூன்றிலும் மலைப்பிரசங்கத்தையோ சிலுவைப்பாட்டையோ மட்டும் பத்துப் பத்து நிமிடம் போட்டு ஒப்பிடுங்கள். பசோலினி மார்க்சியவாதி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர், தொழில்முறை நடிகர்களை விட்டுவிட்டு ஒரு ஸ்பானிய மாணவனை இயேசுவாக்கினார், வயதான மரியாளாகத் தன் சொந்தத் தாயையே நடிக்க வைத்தார். அந்த இயேசு வேகமாக நடக்கிறார், சிரிப்பது குறைவு, கோபமாகப் பேசுகிறார். எந்த இயேசுவோடு களம்பூர் பஜாரில் நடந்துபோக நமக்குத் தைரியம் வரும் என்று கேட்டால் கிறிஸ்தியலைப் பற்றிய பாடம் தொடங்கிவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் படத்தின் பெயர், வாசித்த வேதபகுதி, யாராலும் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். அந்தக் கேள்வியை அடுத்த ஞாயிறு ஆயரிடமோ ஃபாதரிடமோ கொடுங்கள். பிரசங்கத்தில் அவர் அதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அடுத்த கூட்டத்தை அதிலிருந்தே தொடங்குங்கள். அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை, இந்த முறை அதிகம் பேசாமல் இருந்தவரிடம் விடுங்கள்.